ஒழுகும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு

அம்பாசடர் காரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில், கிராங்க் ஷாப்ட்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஷாப்ட்டின் மேலேயே மரை வெட்டியிருப்பார்கள். இன்ஜின் சுற்றும்போது பின்பக்கமாகத் தப்பி வரும் ஆயிலை அந்த மரை வழித்து உள்ளே திருப்பி அனுப்பும். இன்ஜின் நின்றதும் மரையின் வேலையும் நின்றுவிடும். இடைவெளியில் தங்கிய மிச்ச ஆயில் மெல்ல இறங்கி, கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளை வழியே தரையில் நாலு சொட்டு விழும். பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் உருவாக்கிய பி-சீரிஸ் இன்ஜின் அது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது அதுதான். இதே இன்ஜின் குடும்பத்தை எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்காக 1964இல் ஐந்து பேரிங் கொண்டதாகத் திருத்தியபோது பின்முனைக்கு ரப்பர் சீல் வந்தது.

இந்த விவரம் தெரியாத ஒருவர் சீல் மாற்றவென்று கியர்பாக்ஸை இறக்கினால், மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது இறக்கிய பிறகுதான் தெரியவரும். கூலி போனது போனதுதான். பழைய காரின் ஆயில் ஒழுக்கில் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. பழுது கடினமானது என்பதால் போவதில்லை. கண்டுபிடிப்பு தவறியதால் போகிறது.

கண்டுபிடிப்பு ஏன் தவறுகிறது என்று புரிந்துகொள்ள, ஆயில் எப்படிக் கசிகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தட்டையான இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஊர்ந்து வெளியேறும் திரவத்தின் அளவு, இடைவெளியோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. பாய்ம இயக்கவியலின் விதிகளில் இது ஒன்று. பல வருடம் லேசான ஈரமாக மட்டும் இருந்த இடம் ஒரே மாதத்தில் சொட்டத் தொடங்குவதற்கு இதுவே காரணம். பேக்கிங் திடீரென்று கெட்டுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த இடைவெளி, கண்ணுக்குத் தெரியாத அளவிலிருந்து தெரியும் அளவுக்குப் பெருகிவிட்டது.

சூடும் கணக்கில் சேரும். 20டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் கெட்டித்தன்மை, 100 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காலையில் குனிந்து பார்த்தபோது உலர்ந்திருந்த இன்ஜின், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடி நின்ற பிறகு சொட்டுவதில் வியப்பில்லை. இதற்கு நேர்மாறான கசிவும் உண்டு. இறுகிப்போன ரப்பர் குளிரில் விறைத்து நின்று ஆயிலை வெளியே விடும். சூடேறியதும் கொஞ்சம் நெகிழ்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே "எப்போது ஒழுகுகிறது?" என்ற கேள்விக்கும் "எங்கே ஒழுகுகிறது?" என்பதற்குச் சமமான மதிப்பு உண்டு. காரைக் கொண்டுவருபவரிடம் நல்ல மெக்கானிக் இரண்டையும் கேட்பார்.

இனி அடைப்பான்களைப் பார்க்கலாம். பழைய இன்ஜின்களின் டேப்பெட் கவர் (மேல்மூடி), சேம்பர் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இரண்டுக்கும் கார்க், அதாவது தக்கை, பேக்கிங்தான் வரும். 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியின் அடியில் வைத்து, முதன்முதலாக உயிரணு அறைகளைக் கண்டது இதே தக்கையின் மெல்லிய சீவலில்தான். காற்று அடைபட்ட அந்த நுண்ணறைகள் இன்ஜினுக்கும் உதவுகின்றன. ரப்பர் துண்டை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். தக்கை அப்படிப் பிதுங்குவது மிகமிகக் குறைவு. அறைகள் தமக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். அழுத்திய தகரத்தில் செய்த கவர் முழுச் சமதளமாக இராது. அதன் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அங்கங்கே கூடக்குறைய அமுங்கி அடைக்கத் தக்கையைப் போல எளிய பொருள் அந்தக் காலத்தில் வேறு இருக்கவில்லை.

ஆனால் தக்கை காயும், சுருங்கும். ஒருமுறை நசுங்கிய தக்கை முழுமையாக எழும்பாது. ரப்பருக்கும் வயது உண்டு. ஆயில் சீல்களில் அதிகம் பயன்படுவது நைட்ரைல் ரப்பர். ஏறத்தாழ 100 டிகிரி வரை நெடுங்காலம் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் முதுமை ஏறத்தாழ இரட்டை வேகத்தில் வரும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ரப்பர் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகள் ஆக்சிஜனாலும் சூட்டாலும் ஒன்றோடொன்று மேலும் மேலும் பின்னிக்கொள்ளும்போது நெகிழ்வு போய்விடுகிறது. பதினைந்து வருடப் பழைய டேப்பெட் கவர் பேக்கிங்கைக் கழற்றி வளைத்தால் காய்ந்த அப்பளம் போல ஒடியும். அதை அடைப்பான் என்று சொல்வதற்கில்லை. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் ஒரு கெட்டி விளிம்பு, அவ்வளவுதான்.

சுற்றும் ஷாப்ட்டை அடைக்கும் சீலின் கதை இன்னும் சுவாரசியமானது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாப்ட் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால், அதன் பரப்பு நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் நகர்கிறது. அவ்வளவு வேகத்தில் சீலின் ரப்பர் உதடு, அதாவது ஷாப்ட்டைத் தொடும் அதன் விளிம்பு, நேரடியாக உரசினால் சீக்கிரமே கருகிவிடும். பிரிட்டிஷ் பொறியாளர் இ. டி. ஜாகர் 1957இல் வெளியிட்ட ஆய்வில், உதட்டுக்கும் ஷாப்ட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது என்று காட்டினார். அதன் தடிப்பு ஒரு மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிலை அடைக்க வேண்டிய இடத்திலேயே ஆயில் இருக்கிறது! பிறகு ஏன் அது வெளியே வருவதில்லை? உதட்டின் ஆயில் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு படுத்தும் இருப்பதுதான் சூட்சுமம். ஷாப்ட் சுற்றும்போது உதட்டின் நுண்ணிய பரப்பு இழுபட்டு, ஆயிலைத் தொடர்ந்து உள்நோக்கித் தள்ளுகிறது. நல்ல ஆயில் சீல் என்பது ஒரு சின்ன பம்ப். அதனால்தான் சீலைத் திருப்பிப் போட்டுவிட்டால் புதிய சீலும் ஒழுகும். அது ஆயிலை வெளியே தள்ளுகிறது.

இந்தப் பம்ப் வேலை செய்ய ஷாப்ட்டின் பரப்பு சரியாக இருக்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிராங்க்கில், உதடு உட்கார்ந்த இடத்தில் விரல் நகம் தட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருப்பது சாதாரணம். ரப்பர் எப்படி இரும்பைத் தின்னும் என்று கேட்கலாம். உதட்டில் ஒட்டிக்கொண்ட தூசியும் கரித்துகளும்தான் தின்கின்றன. அந்தப் பள்ளத்தின் மேலேயே புதிய சீலைப் போட்டால் சில வாரங்களில் மறுபடி ஒழுகும். "ஒரிஜினல் சீல்தான் போட்டேன், அப்படியும் நிற்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பள்ளம்.

இத்தனைக்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. பழைய காரில் இதுவே முதலில் பார்க்க வேண்டியது. பெரும்பாலும் கடைசியில்தான் பார்க்கப்படுகிறது.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கும். நம் பட்டறைகளில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். ரிங் தேயத் தேய அது கூடும். பழைய இன்ஜின்கள் இந்த வாயுவை பிரீதர் என்ற ஒரு குழாய் வழியே சாலையில் விட்டன. காரின் ஹைட்ரோகார்பன் மாசில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அந்தக் குழாயிலிருந்தே வருகிறது என்று தெரிந்த பிறகு, 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியா அதை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே உறிஞ்சி எரிக்க வேண்டும் என்று விதித்தது. அப்போது பரவலானதுதான் பிசிவி வால்வு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தைக் குறைக்க வந்த அந்தச் சின்ன வால்வு, ஆயில் சீல்களுக்கும் பெரிய நன்மை செய்தது. கிராங்க் அறைக்குள் அழுத்தம் சேராமல், லேசான உறிஞ்சலே நிலவும்படி அது பார்த்துக்கொண்டது.

அந்த வால்வோ பிரீதர் குழாயோ கரி பிடித்து அடைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். வெளிக்காற்றைவிட வெறும் 0.05 பார் கூடுதல் அழுத்தம் உள்ளே சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள டேப்பெட் கவரை அது உள்ளிருந்து 30 கிலோ எடைக்கு ஈடான விசையோடு தள்ளும். கிராங்க் சீல்கள் இப்படிப்பட்ட அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. தெறிக்கும் ஆயிலைத் தடுப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. பிரீதர் அடைத்த இன்ஜினில் ஒரு சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் ஒழுகும். அதையும் மாற்றினால் இன்னோர் இடம். ஒரே சமயத்தில் மூன்று நாலு இடங்களில் ஈரம் கண்டால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையை லேசாகப் பிடித்துப் பார்க்கலாம். பிசிவி உள்ள இன்ஜினில் உறை கொஞ்சம் உள்வாங்கினால் நல்லது. பலூனாக உப்பி, வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், குற்றவாளி பேக்கிங் இல்லை. பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் உப்புகிறதென்றால் ரிங்குகளின் நிலையைக் கம்ப்ரஷன் அளந்து பார்த்தாக வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கசியும் இடத்தைத் தேடுவது. ஆயிலுக்குப் பரப்பு இழுவிசை குறைவு, தண்ணீரில் பாதிகூட இல்லை. அதனால் அது உலோகத்தின் மேல் பரவி, விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, புறப்பட்ட இடத்திலிருந்து ஓரடி இரண்டடி தள்ளிப் போய்ச் சொட்டும். ஓடும் காரின் அடிக்காற்று அதைப் பின்னோக்கி அடித்துப் பரப்பும். ஆகவே தேடலின் விதி ஒன்றுதான்: ஈரம் இருக்கும் இடங்களில் மிக மேலே, மிக முன்னால் இருப்பது எது என்று பார்ப்பது. சொட்டு விழும் இடம் ஊற்று இருக்கும் இடத்தைச் சொல்லாது.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 இதற்கு நல்ல பாடம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான கார். 796 சிசி, மூன்று சிலிண்டர். அதன் கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டினால், கிராங்க்கின் பின் சீல் போய்விட்டது என்ற முடிவுக்கு உடனே வந்துவிடத் தோன்றும். அந்தச் சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஆனால் அதே பக்கத்தில், மேலே சிலிண்டர் ஹெட்டின் முனையில், கேம் ஷாப்ட்டால் சுற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் இறுகினாலும், அது அமர்ந்திருக்கும் உறையின் பேக்கிங் விட்டாலும், டேப்பெட் கவரின் அந்த மூலை விட்டாலும், ஆயில் அப்படியே பின்சுவர் வழியாக வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். ஓ-ரிங்கின் விலை ஒரு டீ செலவைச் சுற்றித்தான். இரண்டு பழுதுகளுக்கும் நடுவே இருக்கும் கூலி வித்தியாசத்தை எண்ணிப் பார்த்தால், அரை மணி நேரம் டார்ச்சோடு மேலே தேடுவது எவ்வளவு இலாபம் என்று புரியும்.

தேடுவதற்கு முன் கழுவ வேண்டும். வருடக்கணக்கில் படிந்த ஆயில் மண்ணின் மேல் புதிய கசிவைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காற்று உறிஞ்சும் வாய் மூன்றையும் உறை போட்டு மூடிவிட்டு, டீக்ரீசர் அடித்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு சந்தேகமான இணைப்புகளில் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, இன்ஜினைச் சூடேற்றிப் பார்த்தால், வெள்ளைப் பொடியில் கசியும் இடம் கருங்கோடாகத் தெரியும். மின்விசிறியும் பெல்ட்டும் ஓடும்போது கை, துணி இரண்டும் தள்ளியே இருக்கட்டும். பொடியை இன்ஜின் நிற்கும்போதே தூவ வேண்டும். கசிவு மிக மெதுவானது என்றால் ஒளிரும் சாயம் உதவும். ஆயிலில் சில மில்லிலிட்டர் கலந்து, ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கை அடித்தால் ஊற்றின் வாய் மஞ்சள் பச்சையில் ஒளிரும். தேடும் முறைகளில் இதைவிட நம்பகமானது இல்லை.

ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இரவு காரின் அடியில் வெள்ளை அட்டையை விரித்துவைத்தால் போதும். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். அழுகிய முட்டை போன்ற கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் தண்ணீர் போல இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் அருகே தெளிவான மஞ்சள் திரவம் என்றால் பிரேக் ஆயில். அப்போது காரை எடுக்கவே கூடாது.

ஊற்று தெரிந்த பிறகு பழுது பார்ப்பது பெரும்பாலும் நேர்வழி வேலைதான். தவறு நேர்வது இரண்டு இடங்களில். ஒன்று, முறுக்குவது. டேப்பெட் கவர் ஒழுகினால் போல்ட்டை இன்னும் இறுக்கிவிடுவது கைப்பழக்கம். தகரக் கவர் போல்ட்டைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேலே எழும்பும், இடைவெளி கூடும். எட்டு மடங்குக் கணக்கு நினைவிருக்கட்டும். இந்தச் சிறு போல்ட்டுகளுக்குப் பல இன்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்கே போதும். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு அது. நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஏற்கெனவே குழிந்த கவரையும் சேம்பரையும் சமதளத்தின் மேல் வைத்து, சிறு சுத்தியால் தட்டி விளிம்பை நிமிர்த்தாமல் புதிய பேக்கிங் போடுவது வீண்.

இன்னொன்று, சிலிக்கோன் பசை. கசிகிறதா, டியூபைப் பிதுக்கு என்பது இன்று பல பட்டறைகளின் முதல் பதிலாகிவிட்டது. அளவாகப் போட்டால் அது நல்ல பொருள். தாராளமாகப் போட்டால், வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கிய ரப்பர்த் துணுக்கு ஒரு நாள் உதிர்ந்து, சேம்பரில் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். சொட்டு நின்றுவிட்டது என்ற மகிழ்ச்சியில் இருக்கும்போது இன்ஜின் ஆயில் கிடைக்காமல் பிடித்துவிடும். நன்றாகச் சமதளமாகக் கடைந்த உலோகப் பரப்புகள் இரண்டு சேரும் இடத்துக்கு வேறு வகைப் பசை உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் 1953இல் உருவாக்கிய லாக்டைட்டின் வழிவந்தது அது. காற்று இருக்கும்வரை திரவமாகவே இருக்கும்; உலோகங்களுக்கு நடுவே காற்றில்லாத இடத்தில் மட்டும் இறுகும். உள்ளே பிதுங்கியது இறுகாமல் ஆயிலோடு கரைந்து போய்விடும். வடிவமைப்பாளர் எங்கே எதைச் சொன்னாரோ அதையே போடுவதுதான் முறை.

பள்ளம் விழுந்த ஷாப்ட்டுக்கும் வழி இருக்கிறது. கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகு உறையைப் பள்ளத்தின் மேல் அடித்து ஏற்றிவிட்டு, அதே அளவு சீலைப் போடலாம். அதுவும் கிடைக்காவிட்டால், இடம் இருக்கும் இன்ஜின்களில் சீலை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியோ வெளியே நிறுத்தியோ, உதடு தேயாத பரப்பில் உட்காரும்படி செய்யலாம். போடும்போது ரப்பர் உதட்டில் ஆயில் தடவ வேண்டும். உலர்ந்த உதடு முதல் சில நொடிகளிலேயே கருகும்.

கசிவை நிறுத்தும் என்று டப்பாக்களில் விற்கும் மருந்துகள் ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும் வேதிப்பொருள்கள். இறுகிய சீலில் சில மாதங்கள் பலன் தெரியலாம். கிழிந்த சீல், பள்ளம் விழுந்த ஷாப்ட், குழிந்த கவர், அடைத்த பிரீதர் ஆகிய எதையும் அவை சரிசெய்யாது. நல்ல நிலையில் இருக்கும் மற்ற ரப்பர்களையும் அவை சேர்த்தே ஊதவைக்கும் என்பதால், விற்கப்போகும் காருக்குக்கூட அவற்றைப் பரிந்துரைக்க முடியாது.

எல்லாக் கசிவையும் துரத்த வேண்டியதும் இல்லை. ஒரு மில்லிலிட்டர் ஆயிலில் ஏறத்தாழ இருபது சொட்டுகள். ஒரு நாளைக்கு நாலு சொட்டு என்றால், 100 மில்லிலிட்டர் குறைய ஒன்றரை வருடத்துக்கு அருகில் ஆகும். அம்பாசடரின் பின்முனையில் அப்படிச் சொட்டினால் ஒரு தட்டை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஓடும்போது பத்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 18 மில்லிலிட்டர். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேருவதற்குள் 150 மில்லிலிட்டர் போய்விடும். ஆயில் பிரஷர் சுவிட்ச், பில்டர் ஆகிய இடங்களின் கசிவைச் சொட்டுக் கணக்கில் பார்க்கவே கூடாது. அங்கே ஆயில் மூன்று நாலு பார் அழுத்தத்தில் நிற்கிறது. சொட்டு பீச்சலாக மாற ஒரு பயணம் போதும். சைலன்சரின் மேனிபோல்டில் விழும் கசிவு தீப்பிடிக்கும் ஆபத்து. டைமிங் பெல்ட்டில் படும் கசிவு பெல்ட்டை ஊதவைத்துப் பல்லை உதிர்க்கும். கிளட்ச் பிளேட்டில் படும் கசிவு ஏற்றத்தில் வண்டியை நழுவவிடும். இந்த நான்கையும் ஒத்திப்போடக் கூடாது.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். யாராவது கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொன்னால், இன்ஜினைக் கழுவித் துடைத்து, பிரீதரைச் சோதித்து, சாயமோ பொடியோ போட்டு ஊற்றைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு சம்மதியுங்கள். அதுவரை வாரத்துக்கு ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். குறைந்தால் அதே தரத்து ஆயிலை ஊற்றி, ஊற்றிய அளவையும் கிலோமீட்டரையும் குறித்துவையுங்கள்.